நடுவருக்கு எவ்வளவு தெம்பு வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்பந்து நடுவர். 3 வருடம் கோட்டோரம் கொடி பிடித்தேன், அப்புறம் 12 வருடமாக விசில். புதிதாக நடுவர் பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பவை, ஆட்டம் முடிந்து வீரர்கள் சீண்டலாகக் கேட்பவை, நடுவர்களின் வீட்டில் இருப்பவர்கள் கவலையோடு கேட்பவை என்று சேர்ந்துபோன கேள்விகள் இவை. கால்பந்து எனக்குப் பழகிய களம் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மற்ற ஆட்டங்களுக்கும் ஒரு கேள்வி ஒதுக்கியிருக்கிறேன்.

பந்தைத் தொடவே போவதில்லை. நடுவருக்கு எதற்கு இவ்வளவு ஓட்டம்?

பந்து எங்கே போனாலும் பின்னாலேயே போகவேண்டிய ஆள் மைதானத்தில் அவர் ஒருவர்தான். தடுப்பாட்டக்காரர் தன் பகுதியில் நின்று மூச்சு வாங்கலாம். முன்கள வீரர் நடுக்கோட்டுப் பக்கம் காத்திருக்கலாம். கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயர்மட்டக் கால்பந்தில் நடுவர் ஓர் ஆட்டத்தில் கடக்கும் தூரம் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர். நடுக்கள வீரர் கடப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கொடி பிடிக்கும் துணை நடுவருக்கு 5 முதல் 7 கிலோமீட்டர் வரும்.

இத்தனைக்கும் நடுவர் பெரும்பாலும் வீரர்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். 70ஆவது நிமிடம் வந்தால் பயிற்சியாளர் களைப்பில்லாத ஆட்களை இறக்குவார். இப்போது பல போட்டிகளில் 5 பேர் வரை மாற்றலாம். நடுவருக்கு மாற்று ஆள் வருவது காயம் பட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோதான். நாம் நன்றாகத் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் எதிரே ஓடுபவன் புதிதாக வந்திருப்பான்.

தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாதா என்று கேட்பார்கள். கால் பந்தைத் தொட்டதா, எதிராளியின் கணுக்காலைத் தொட்டதா என்பதைப் பார்க்க 15, 20 மீட்டருக்குள் இருக்கவேண்டும், அதுவும் பக்கவாட்டில் இருந்து. நேர் பின்னால் நின்றால் ஒரு முதுகுதான் தெரியும். ரொம்பக் கிட்டே போனாலும் தொல்லை. பந்து நம் மேலேயே பட்டுவிடும். அதனால் சும்மா துரத்தி ஓடுவது உதவாது, ஒவ்வொரு முறையும் கோணம் பார்த்து ஓடவேண்டும்.

தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். அது போதாதா?

போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன்.

சாலையில் ஓடும்போது வேகத்தை நாம் தீர்மானிக்கிறோம். மைதானத்தில் அதைத் தீர்மானிப்பது வேறு யாரோ. நாலு எட்டு நடை, திடீரென்று 30 மீட்டர் பாய்ச்சல், சட்டென்று நிற்பது, பின்னோக்கி ஓடுவது, பக்கவாட்டில் நகர்வது, மறுபடி நடை. சில விநாடிகளுக்கு ஒருமுறை நகரும் விதம் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் நடையும் மெதுவோட்டமும்தான். ஆனாலும் இதயத் துடிப்பின் சராசரி, அந்த ஆளின் உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஒரே சீராக ஓடிப் பழகிய உடம்புக்கு இந்த நின்று நின்று பாய்வது புதுசு.

என் முதல் சீசனில் நடந்தது. கார்னர் கிக். நான் பெனால்டி பகுதி ஓரத்தில் நிற்கிறேன். கோல்கீப்பர் பந்தைப் பிடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னால் எறிந்துவிட்டார். அவர்களுடைய விங்கர் பறக்கிறான். நான் நடுக்கோட்டை எட்டியபோது மறுமுனையில் அவன் கீழே விழுந்து கிடக்கிறான். மிதித்தது பகுதிக்குள்ளா, வெளியிலா? எனக்கு 40 மீட்டர் தூரம், வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, கண்ணில் வியர்வை. ‘வெளியே’ என்று காட்டினேன். அது ஊகம்தான். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சமயம் தினமும் காலையில் 10 கிலோமீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

போய்ச் சேர்வது பாதி வேலை. போய்ச் சேர்ந்த பிறகு பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் மூச்சு மிச்சமிருக்க வேண்டும். நடுவரின் உடற்தகுதியை நான் அளப்பது அந்த மிச்சத்தை வைத்துத்தான்.

உடற்தகுதித் தேர்வில் என்ன செய்யச் சொல்வார்கள்?

ஒரு காலத்தில் கூப்பர் டெஸ்ட் இருந்தது. கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் வெளியிட்டது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்ப்பார்கள். ஒரே வேகத்தில் ஓடுவதைத்தான் அது அளக்கும் என்பதால் ஃபிஃபா 2006 வாக்கில் அதைக் கைவிட்டு, ஆட்டத்தின் தன்மைக்கு நெருக்கமான தேர்வைக் கொண்டுவந்தது. சர்வதேச நடுவர்களுக்கான தேர்வு இரண்டு பகுதி.

முதல் பகுதி வேகம். 40 மீட்டரை 6 முறை ஓடவேண்டும். ஆண்களுக்கு ஒவ்வொன்றும் 6.0 விநாடிக்குள், பெண்களுக்கு 6.4 விநாடிக்குள். இடையில் நடந்து திரும்பிவரச் சிறிது நேரம் கொடுப்பார்கள். ஆறில் ஒன்று தவறினால் ஏழாவதாக ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு தவறினால் வீட்டுக்குப் போகலாம்.

சில நிமிடம் இடைவெளி விட்டு இரண்டாம் பகுதி. 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, இப்படி 40 முறை. 400 மீட்டர் டிராக்கில் 10 சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். ஆண்களுக்கு ஓட்டம் 15 விநாடி, நடை 18 விநாடி. பெண்களுக்கு 17, 20. கணக்குப் பார்த்தால் ஆண்களுக்கு ஓடும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். பத்து முறை செய்யும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இருபத்தைந்தாவது முறையில் அந்த 18 விநாடி நடை எங்கே போனதென்றே தெரியாது. விசில் ஊதும்போது நடைப்பகுதிக்குள் ஒரு காலாவது இருக்கவேண்டும். ஒருமுறை பிந்தினால் எச்சரிக்கை, மறுமுறை பிந்தினால் நிறுத்திவிடுவார்கள்.

துணை நடுவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 10 மீட்டர் முன்னோக்கிப் பாய்ச்சல், 8 மீட்டர் பக்கவாட்டில், மறுபக்கம் பார்த்து 8 மீட்டர் பக்கவாட்டில், மறுபடி 10 மீட்டர் பாய்ச்சல். ஆண்களுக்கு 10 விநாடி, பெண்களுக்கு 11. அவர்களின் வேக ஓட்டம் 40க்குப் பதில் 30 மீட்டர். ஆஃப்சைடு கோட்டோடு நகரும் வேலைக்குத் தகுந்த மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் மேல்மட்ட அளவுகள். கீழ்மட்டச் சங்கங்கள் நேரத்தைத் தளர்த்தி வைத்திருக்கும், அளவுகளும் அவ்வப்போது மாறும். உங்கள் சங்கத்தின் நடப்பு அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள்.

தேர்வில் தேறிவிட்டால் ஆட்டத்துக்குத் தயார் என்று அர்த்தமா?

டிராக்கில் யாரும் உங்களைத் திட்டுவதில்லை. அடுத்த ஓட்டம் எப்போது, எந்தத் திசையில் என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் இரண்டும் கிடையாது. தேர்வு ஒரு வாசல், அவ்வளவுதான். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது திடீரென்று கடும் பயிற்சியில் இறங்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்ற ஆட்டங்களின் நடுவர்களுக்கும் இதே பாடுதானா?

பாடு உண்டு, வகை வேறு.

ரக்பி நடுவரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பொறாமை கலந்த மரியாதை. ஓடவும் வேண்டும், ஓடிக்கொண்டே பேசவும் வேண்டும். ‘கையை எடு’, ‘விலகு’, ‘பின்னால் போ’ என்று வீரர்களை இடைவிடாமல் எச்சரித்துக்கொண்டே இருப்பார். பல போட்டிகளில் அவர் சட்டையில் மைக்கும் இருக்கும். மூச்சிரைக்கப் பேசினால் ஊருக்கே கேட்கும். 80 நிமிடமும் பேச்சுக்கென்று மூச்சு ஒதுக்கிவைப்பது தனித் திறமை.

கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால் திசை மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட ஓட்டம் கிடையாது, நிறுத்தமும் திருப்பமும்தான். முழங்காலும் கணுக்காலும் மரத்தரையில் வாங்கும் அடி அதிகம். இங்கே தகுதி பார்க்கப் பீப் டெஸ்ட் பரவலாக உண்டு: 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, ஒலி வரும்போது மறு கோட்டைத் தொட்டிருக்க வேண்டும், ஒலியின் வேகம் ஏறிக்கொண்டே போகும். கைப்பந்தாட்டத்தில், அதாவது ஹேண்ட்பாலில், 40 மீட்டர் நீளத்தில் எதிர்த்தாக்குதல் பறக்கும். இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு முனையாக மாறி மாறிப் பார்த்துக்கொள்வதால் சமாளிக்க முடிகிறது. ஹாக்கியிலும் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி மைதானம். பந்து மட்டும் மின்னல்.

கபடி நடுவர் ஓடுவதே இல்லை என்று சொல்பவர்கள் கோட்டோரம் ஒருமுறை நின்று பார்க்கட்டும். 13க்கு 10 மீட்டர் களத்தில் ஒரு ரெய்டு 30 விநாடி. அந்த 30 விநாடியும் முழங்கால் மடித்து, பக்கவாட்டில் எட்டு வைத்து, கோட்டில் கால் பட்டதா, போனஸ் கோட்டைத் தாண்டியபோது பின்கால் தூக்கியிருந்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இடுப்பு பேசும்.

கிரிக்கெட் அம்பயர் தனி இனம். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. 6 மணி நேரம் வெயிலில் நிற்கவேண்டும், 5 நாள். நுரையீரலுக்கு வேலை குறைவு. பாதம், கெண்டைக்கால், கீழ்முதுகு மூன்றும் வதைபடும். பந்து வீசும் சில விநாடிக்கு மனசைக் குவித்து, உடனே தளர்த்தி, அடுத்த பந்துக்கு மறுபடி குவிக்கத் தெரியாதவருக்கு மாலைக்குள் தலை வெறுமையாகிவிடும். வாலிபாலின் முதல் நடுவர் உயரத்தில் நின்றே ஆட்டத்தை முடித்துவிடுவார். அவரைப் பார்த்து மற்ற நடுவர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம்.

களைப்பு முடிவுகளைக் கெடுக்குமா, அல்லது அது சாக்கா?

களைத்த நடுவருக்கு விதி மறப்பதில்லை. அவர் தப்பான இடத்தில் நிற்பார், அங்கிருந்துதான் சிக்கல். ஆட்டம் தன்னை விட்டு 30 மீட்டர் தள்ளிப்போனதும், ‘பரவாயில்லை, இங்கிருந்தே பார்க்கலாம்’ என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்கும். அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தால் கோணம் போய்விடும். இன்னொன்று, கடுமையாக ஓடும்போது தலை ஆடும், பார்வையும் சேர்ந்து ஆடும். சம்பவம் நடக்கும் கணத்தில் நின்றோ மெதுவாக நகர்ந்தோ பார்ப்பதற்கு, அதற்கு ஒரு விநாடி முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதோடு எரிச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 80ஆவது நிமிடத்தில் நான் காட்டிய மஞ்சள் அட்டைகளில் சில, 20ஆவது நிமிடமாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

வேலைக்கும் போகிறேன். வாரத்தில் எப்படிப் பயிற்சி செய்வது?

ஆட்டத்தையே ஒரு கடும் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள் நடையோடு சரி. செவ்வாய், இடைவெளி ஓட்டம்: 3 அல்லது 4 நிமிடம் வேகமாக, 2 நிமிடம் மெதுவாக, நாலைந்து தடவை. ஓடும்போது இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம் சரியான வேகம். வியாழன், குறுகிய பாய்ச்சல்கள்: 10 முதல் 40 மீட்டர், திசை மாற்றத்தோடு, நன்றாக ஓய்வெடுத்து. இடையே ஒரு நாள் அரை மணி நேரம் வலுப் பயிற்சி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் சும்மா இருங்கள், அல்லது 15 நிமிடம் உடம்பை அசைத்துவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது பின்னோக்கி ஓடுவதும் பக்கவாட்டு நகர்வும். நடுவர் ஆட்டத்துக்கு முதுகு காட்டக்கூடாது, அதனால் கோல் கிக்குக்கு எல்லாம் பின்னோக்கித்தான் நகரவேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை, 20 மீட்டர் வீதம் ஆறேழு முறை செய்தால் போதும். பழக்கமில்லாமல் மைதானத்தில் முயன்றால் மல்லாக்க விழுந்து நூறு பேருக்குச் சிரிப்பு மூட்டுவீர்கள்.

எந்தக் காயங்கள் அதிகம் வரும்?

தொடையின் பின்தசை, கெண்டைக்கால், குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண். கணுக்கால் பிசகுவதும் உண்டு. வீரர்களுக்கு மோதலில் அடிபடும். நமக்குத் தானாகவே இழுத்துக்கொள்ளும். நடந்துகொண்டிருந்த தசையைத் திடீரென்று முழு வேகத்துக்கு உசுப்புவதுதான் காரணம்.

பின்தசைக்கு நார்டிக் கர்ல் என்ற பயிற்சியைப் போல வேறு எதுவும் எனக்கு உதவவில்லை. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. முதல் வாரம் நடக்கவே வலிக்கும், அதனால் மூன்று நாலு தடவையில் தொடங்குங்கள். கெண்டைக்காலுக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது போதும். ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். ஃபிஃபாவின் 11+ என்ற காயத்தடுப்புத் திட்டத்தில் நடுவர்களுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. இடைவேளை முடிந்து திரும்பும்போதும் இரண்டு நிமிடம் ஓடிப்பார்த்துவிட்டு விசில் ஊதுங்கள். 15 நிமிடம் உட்கார்ந்த கால் 46ஆவது நிமிடத்தில் பாய்ச்சலுக்குத் தயாராக இருக்காது.

எனக்கு 40 தாண்டிவிட்டது. இனி தொடங்கலாமா?

பியர்லூயிஜி கொலினா 2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியபோது அவருக்கு 42 வயது. 2022 இறுதி ஆட்டத்தின் நடுவர் ஷிமோன் மார்சினியாக்குக்கு 41. சர்வதேச நடுவர்களுக்கு முன்பு 45 என்ற வயது வரம்பு இருந்தது, ஃபிஃபா அதை எடுத்துவிட்டது. உடம்பு ஒத்துழைத்தால் சரி.

வயது ஏறினால் உச்ச வேகம் குறையும், காயம் ஆற நாளாகும். அதை ஈடுகட்டுவது ஆட்டத்தைப் படிக்கும் கண். பந்து அடுத்து எங்கே போகும் என்று ஊகிக்கத் தெரிந்தவர் அரை விநாடி முன்னால் கிளம்புவார். அவர் 5 மீட்டர் குறைவாக ஓடினாலும் சரியான இடத்தில் இருப்பார். தொடங்கும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு எதையும் ‘பழகிவிடும்’ என்று தள்ளாதீர்கள். மார்சினியாக்கே இதயத் துடிப்புக் கோளாறால் 2021இல் நடந்த யூரோ போட்டியைத் தவறவிட்டவர்தான். ஓய்வெடுத்து உடம்பைப் பார்த்துக்கொண்டு, குணமாகித் திரும்பி வந்தார்.

பெண் நடுவர்களுக்குத் தேர்வு எளிதா?

பெண்கள் போட்டிகளுக்கான நேர அளவு வேறு, மேலே சொன்னேன். ஆண்கள் போட்டியை நடத்தவேண்டும் என்றால் ஆண்களுக்கான அளவையே எட்டவேண்டும். 2022 டிசம்பர் 1 அன்று ஜெர்மனி - கோஸ்டா ரிகா ஆட்டத்தை நடத்தி, ஆண்கள் உலகக் கோப்பையின் முதல் பெண் நடுவரானார் ஸ்டெபனி ஃப்ராப்பார்.

வெயிலில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஓட்டமும் கவனமும் தளரும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். பந்து வெளியே போகும்போதெல்லாம் ஒரு வாய். 2014 உலகக் கோப்பையில், வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் பாதிக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி நீர் இடைவேளை விட்டார்கள். அந்த இடைவேளையில் வீரர்களைக் கண்காணித்துக்கொண்டே தான் குடிக்க மறந்துவிடும் நடுவர்கள் உண்டு. நானும் மறந்திருக்கிறேன், அன்று கடைசிப் பத்து நிமிடம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

தொப்பை இருந்தால் நடுவராக முடியாதா?

நேரத்துக்குள் ஓடி முடித்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் விசில் ஊதுவதற்கு முன்பே வீரர்கள் உங்களை எடைபோட்டுவிடுவார்கள். தூரத்தில் நின்று கொடுக்கும் சரியான முடிவைவிட, அருகில் நின்று கொடுக்கும் சந்தேகமான முடிவை அவர்கள் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். நியாயமா என்று கேட்டால் இல்லைதான்.

மூச்சு வாங்குவது வீரர்களுக்குத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

விசில் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சில்லாதவன் ஊதினால் சத்தம் பிசிறும். நான் செய்வது இது: பலமாக ஒரே ஊதல், கையைத் திசை காட்டி நீட்டுவது, பிறகு சம்பவ இடத்துக்கு அவசரமில்லாமல் நடப்பது. நடக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுவதில் கவனம் வைத்தால் சீக்கிரம் அடங்கும். அணித்தலைவர் வாதாட வந்தால் முதலில் அவரைப் பேசவிடுங்கள். அந்த நேரம் உங்களுக்கு லாபம். அட்டை காட்டவேண்டும் என்றால், சட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளும் சாக்கில் இன்னும் இரண்டு மூச்சு கிடைக்கும். எண்ணை மட்டும் சரியாகக் குறியுங்கள். நான் ஒருமுறை 6க்குப் பதில் 9 என்று எழுதிவிட்டேன், அந்த ஒன்பதாம் எண்காரர் அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்.